கலப்பத்துப் பார்த்த கோழிக்கூடு

கோழிச் செள்ளை அடியோடு ஒழித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. ஒழிந்த மாதிரி இருக்கும். கூட்டைக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, சாம்பலைத் தூவி, இனி ஒன்றுமில்லை என்று கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம். பத்து நாள் கழித்து முட்டை எடுக்கக் கையை விட்டால் முழங்கை வரைக்கும் ஏதோ ஊரும். பார்த்தால் தூசி. ஊதினால் போகாத தூசி. நசுக்கினால் விரலில் ரத்தம் ஒட்டும். அது நம் ரத்தமல்ல, கோழியின் ரத்தம். பகலெல்லாம் பலகை இடுக்கில் தூங்கிவிட்டு, கோழி அடைந்த பிறகு இறங்கி வந்து குடித்துவிட்டுப் போகிற சாதி அது.

என் ஆயுசில் பாதியை இந்தத் தூசியோடு மல்லுக்கு நின்றே கழித்தேன். அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்து வருசங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கோழிக்கூட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அவரை இரண்டு வார்த்தை ஏசாமல் எனக்கு வேலை ஓடாது. உயிரோடு இருந்தபோது ஏசின பழக்கம், விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில் எங்கள் ஊர். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் மணலும் மாதா கோயிலும். அவர் தோணித் தண்டையல். தோணியில் பாய் ஏற்றுவதும் இறக்குவதும் தண்டையல் வாயைப் பார்த்துத்தான் நடக்கும். தூத்துக்குடியில் கருவாடும் உடன்குடிக் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், வரும்போது பாக்கும் கொப்பரையும் வரும். வெள்ளைக்காரன் கப்பலோடு போட்டி போட்டு நம் ஆட்கள் கப்பல் விட்ட சங்கதி ஊர் வாயில் இன்னும் ஓயாத காலம் அது. எந்தக் கப்பல் வந்தாலும் போனாலும் எங்கள் தோணிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

நானும் கரைக்காரர் வீட்டுப் பெண்தான். ஆனால் அப்பா கருவாட்டு வியாபாரத்துக்காக ஸ்ரீவைகுண்டத்தில் குடியேறிவிட்டதால், வயலும் வாழையும் கோழியுமாகத்தான் வளர்ந்தேன். கல்யாணமாகி வந்தபோது சீரோடு சீராக ஒரு கருங்கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினேன். ஊர் சிரித்தது. பக்கத்து வீட்டு மைனி, "பொண்ணு கோழி கொண்டாந்திருக்கா, இனி மாப்பிள்ளை கொத்துப்பட வேண்டியதுதான்" என்றாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று அவளுக்கு அன்றைக்கே எப்படித் தெரிந்ததோ.

கூடு கட்டியது அவர்தான். உடைத்துப் போட்ட பழைய தோணியின் பலகையை அறுத்து, ஆணிக்குப் பதிலாகக் கயிற்றால் தைத்து, முற்றத்துப் புன்னை மரத்தடியில் நிறுத்தினார். நாலு ஆள் சேர்ந்து தூக்கினாலும் அசையாது. கோழிக்கு இத்தனை பலகை எதற்கு என்று கேட்டேன். "காத்தடிச்சா நிக்கணும்லா" என்றார். அந்தப் பலகைகளில் பழைய ஆணித் துளையும் வெடிப்பும் ஆயிரம். செள்ளுக்கு மாளிகை கட்டிக் கொடுத்தது போலத்தான் ஆயிற்று.

ஒரு வருசம் வைகாசி மாதம், கச்சான் என்கிற மேல்காற்று எழும்புகிற நேரத்தில், கொழும்பிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த அவருடைய தோணி காணாமல் போய்விட்டது. கூட வந்த தோணிகள் கரை சேர்ந்துவிட்டன. இது மட்டும் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று ஆள்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மைனி வந்து என் அடுப்பைப் பற்ற வைத்துக் கஞ்சி காய்ச்சிவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

கோயிலில் போய், மகனுக்காகத் துக்கப்பட்ட வியாகுல மாதா முன்னால் விழுந்தேன். அம்மா, அந்த மனுசனை உயிரோடு கொண்டுவந்து விடு. என்னிடம் இருக்கிறது அந்தக் கருங்கோழிதான். அதை அடைவைத்து, பொரிக்கிற குஞ்சு அத்தனையும் தாய்க்கோழியோடு உன் திருநாள் ஏலத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். அது தீருகிற வரைக்கும் அவரைத் தோணி ஏற விடமாட்டேன். இப்படி நேர்ந்துகொண்டேன். எங்கள் கரையில் அது வழக்கம். நேர்ச்சைக் கடனை வைத்துக்கொண்டு யாரும் கடலேற மாட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, பாய்மரம் முறிந்து, ஒரு துண்டுப் பாயை வைத்துக்கொண்டு தோணி வந்து சேர்ந்தது. ஓர் ஆளுக்கும் சேதமில்லை. வந்தவர்கள் கரையில் கால் வைத்ததும் பேசியதெல்லாம் தண்டையலைப் பற்றித்தான். "அலை மேல வந்து விழுது, இவரு அசையலையே. கல்லு மாதிரி நின்னாரு. அந்த நெலையப் பாத்துத்தான் எங்களுக்குத் தெம்பே வந்துது" என்றார்கள். தோணி முதலாளி தூத்துக்குடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கோழிக்கூட்டுப் பக்கத்தில் பாயைப் போட்டுச் சுருண்டுகொண்டார்.

கச்சான் காலத்தில் தோணிகளைக் கரையில் இழுத்துப் போட்டிருப்பார்கள். ஆவணி கழிந்துதான் மறுபடி ஓட்டம். மற்ற வருசங்களில் அந்த இரண்டு மூன்று மாதமும் அவர் வீட்டில் தங்க மாட்டார். தோணியடியிலேயே பழியாய்க் கிடப்பார். அந்த வருசம் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. முற்றத்திலேயே இருந்தார். ஆனி மாதம் கருங்கோழி அடைக்கு உட்கார்ந்ததும் அதற்குத் தண்டையலம்மா என்று பெயர் வைத்துவிட்டார். "தண்டையலம்மா காலையில இறங்கித் தண்ணி குடிச்சா, இன்னும் ரெண்டு நிமிசத்துல ஏறிருவா" என்று எனக்கு வந்து சொல்லுவார். கல்யாணமாகி வந்த மூன்று வருசத்தில் நான் அவரோடு பகல் பொழுதில் உட்கார்ந்து பேசியது அப்போதுதான். மனுசனுக்கு நேர்ச்சை தீருவதில் எவ்வளவு அக்கறை என்று நினைத்து மனசு நிறைந்து போயிருந்தேன்.

அடை வைத்து நாலைந்து நாளில், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோழி முட்டையை விட்டு இறங்கி நிற்க ஆரம்பித்தது. உட்காரும், உடம்பை உதறும், மறுபடி இறங்கும். கையை விட்டுப் பார்த்தேன். கையெல்லாம் செள்ளு. அடைக்கோழிக்குச் செள்ளு விழுந்தால் ரொம்ப மோசம். மற்றக் கோழி இடம் மாறி உட்காரும். அடைக்கோழி எங்கே போகும்? ஒன்று முட்டையை விட்டுவிட்டு ஓடும், இல்லாவிட்டால் உட்கார்ந்தபடியே ரத்தம் வற்றிச் சாகும்.

நாளைக்குச் சந்தைக்குப் போய்வந்ததும் கூட்டைக் காலி பண்ணி, வெந்நீர் ஊற்றி, கோழியை வேறு இடம் மாற்றலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, விடிந்ததும் நான் ஆத்தூர்ச் சந்தைக்குப் போனேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சுறா எண்ணெய் நாற்றம் குடலைப் பிடுங்கியது. யாரோ தோணிக்கு எண்ணெய் பூசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தால், என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோழிக்கூட்டுக்குக் கலப்பத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தோணிக்குப் பலகை இடுக்கில் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பஞ்சைத் திரித்துத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி அடைப்பார்களே, அதுதான் கலப்பத்து. அதை ஒரு துளை விடாமல் கூட்டுக்குச் செய்திருந்தார். அதன் மேல் சுறா எண்ணெயும் சுண்ணாம்பும் குழைத்து இரண்டு பூச்சு. கூடு பளபளவென்று மின்னியது.

"ஏளா, இங்க வந்து பாரு. இனி இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது" என்றார்.

"எதுக்கு? கொழும்புக்கா விடப்போறீய?"

"செள்ளு எங்க இருக்கும்? இடுக்குல. இடுக்கே இல்லைன்னா? தோணியில புழு விழுந்தா இதத்தான செய்யுதோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பிற்பாடு நானே கூட்டு இடுக்கைக் களிமண் வைத்து அடைக்கப் பழகினேன். ஆனால் மனுசன் அதோடு நிறுத்தினாரா? கோழியைப் பிடித்து, காலிலும் வயிற்றிலும் சிறகுக்கு அடியிலும் அதே எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, தோணியை வெள்ளத்தில் இறக்குவது போலப் பையத் தூக்கி முட்டை மேல் வைத்திருந்தார். கோழியைத் தூக்கிப் பார்த்தேன். முட்டை அத்தனையும் எண்ணெயில் மின்னிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மா கையில் எண்ணெய் இருந்தால் அடைமுட்டையைத் தொட மாட்டாள். முட்டைக்கும் மூச்சு உண்டு. தோணிக்கு அடைத்தது போல அதையும் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கிறது என்ன செய்யும்?

அன்றைக்கு நான் ஏசின ஏச்சுக்குப் புன்னை மரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. அவர் துணியை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு முட்டையாகத் துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய கையில் அந்த முட்டையை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததும் என் சத்தம் தானாக இறங்கிவிட்டது. மூன்று வாரம் கோழி உட்கார்ந்தது. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. எல்லாவற்றையும் வாழைக்கு உரமாகத் தோண்டிப் புதைத்தார். ஆடி மாதம் பாதி போயிருந்தது.

நல்ல வேளையாகக் கருங்கோழிக்கு அடை கலையவில்லை. மைனியிடமும் மற்ற வீடுகளிலும் நல்ல முட்டையாகக் கேட்டு வாங்கி வந்தேன். திருநாள் ஆவணிக் கடைசியில். இப்போது வைத்தால் சரியாக இருக்கும். கலப்பத்துக் கூட்டு வாசலுக்கே கோழியை விடவில்லை. பனையோலைக் கடகப்பெட்டியில் ஆற்று மணலை வறுத்து ஆற வைத்துக் கொட்டி, சாம்பலும் வேப்பிலையும் போட்டு, அடுக்களைக்குள்ளேயே ஒரு மூலையில் அடை வைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து ஸ்ரீவைகுண்டத்தில் தங்கச்சிக்குப் பேறுகாலம். போகாமல் முடியாது. அவரை உட்கார வைத்துப் பிள்ளைக்குச் சொல்லுவது போலச் சொன்னேன்.

"கோழி தண்ணி குடிக்க இறங்கும்போது பெட்டியில கைய விட்டுப் பாருங்க. செள்ளு கண்டா அன்னைக்கே மணலக் கொட்டிட்டு வேற மணல் போடணும். சாம்பல் இந்தப் பானையில இருக்கு. எண்ணெய்ங்கிற பேச்சே கூடாது. செய்வீயளா?"

"செய்யுதேன். நீ போய்ட்டு வா."

"எண்ணெய்?"

"தொட மாட்டேன் தாயே."

தங்கச்சிக்குச் சுகமாய்ப் பிள்ளை பிறந்து, குளிக்க வைத்து, நான் ஊருக்குத் திரும்பும்போது பொரிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. வழியெல்லாம் தெருவில் ஒரே பேச்சு, தோணி இறக்கப் போகிறார்கள், முதலாளி ஆள் சேர்க்கிறார், தண்டையல் எப்போது ஏறுவார் என்று. வீட்டுக்குள் போனேன். அடுக்களையில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடகப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

பெட்டி ஓலை விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. கிட்டப் போனதும் அது நகர்ந்தது. அத்தனையும் செள்ளு. விளிம்பில் ஏற இடமில்லாமல் சுவரிலும் ஏறியிருந்தது. கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கொண்டை வெளுத்து, கண் பாதி மூடி, தூக்கினால் கையில் கனமே இல்லை. பக்கத்தில் சாம்பல் பானை நான் வைத்துவிட்டுப் போனபடியே மூடி கலையாமல் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் பானையைத் தூக்கி அவர் மேலேயே போட்டிருப்பேன். "என்ன செஞ்சிட்டு இருந்தீய? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றேன்.

"பாத்தேன்" என்றார்.

"எப்ப?"

"நீ போன நாலாம் நாளே பாத்தேன். ஏறுதத எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கை வரலை."

"ஏன் வரலை?"

அவர் பெட்டியைப் பார்த்தபடியே பேசினார். "குஞ்சு பொரிச்சா ஏறணும்லா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஏறத்தான செய்யணும். அதுக்குத்தான இத்தனை பாடு?"

"என்னால முடியாதுளா. கல்லு மாதிரி நின்னாருன்னு சொல்லுதானுவ பாரு. கல்லாத்தான் நின்னேன். பாய இறக்குன்னு சொல்லணும். வாய் வரலை. கை வரலை. பயலுவ என் முகத்தப் பாத்துட்டு அவனுவளாவே இறக்குனானுவ. அதுல பெழச்சோம். நான் ஒண்ணுமே செய்யலை. பயத்துல நின்னுட்டேன். இன்னைக்கும் அலைச் சத்தம் கேட்டா கால் விட்டுப் போவுது. இந்தக் காலோட நான் தோணி ஏறுனா, அடுத்த தரம் அத்தன பேரையும் கொன்னுருவேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் தோணியடிக்குப் போகாமல் என் முற்றத்தில் இந்த மனுசன் ஏன் கிடந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. முதல் தரம் எண்ணெய் பூசியது தெரியாமல் செய்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது பொரிக்காமல் போனபோது அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"இதுவாவது இறங்கிரும்னு நெனச்சேன்" என்றார், கோழியைக் காட்டி. "இறங்கலைளா. செள்ளு இத்தன தின்னும் இறங்கலை. நானும் எத்தன நாளாப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"உங்களுக்குப் பயம்னா வாயில்லாச் சீவன் என்ன பாவம் செஞ்சுது?" என்றேன். "எந்திரிங்க. அதைத் தூக்குங்க. மாதாவுக்குச் சொன்ன சொல்லு வேற, உங்க பயம் வேற. அதப் பொறவு பாப்போம்."

முட்டைகளைத் துணியால் துடைத்து என் மடியில் சேலைக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன், சூடு ஆறிவிடாமல். அவர் பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய் ஓலையோடு கொளுத்தினார். கோழியைத் தன் முழங்கால் மேல் மல்லாத்தி வைத்து, சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு இறகாகப் பிரித்து ஊதினார். சிறகுக்கு அடியில், கழுத்துக்குப் பின்னால், வால் புறத்தில். அவர் கையெல்லாம் ஊர்ந்தது, அவர் தட்டவில்லை. ஊறிய அரிசியும் கருவாட்டுத் தூளும் பிசைந்து அதன் வாயில் வைத்தார். புது மணல் வறுத்து, புதுப் பெட்டியில் போட்டு, கோழியை வைத்தோம். நான் மடியிலிருந்து எடுத்து வைத்த முட்டைகளை அது ஒவ்வொன்றாக மூக்கால் தள்ளி அடியில் சேர்த்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு அந்த ஒரு வாரமும் அவர் பெட்டியை விட்டு நகரவில்லை. பொரித்தால் ஏறவேண்டும் என்று தெரிந்தும் பார்த்தார். காலையிலும் சாயங்காலமும் கையை விட்டுப் பார்த்து, சாம்பல் மாற்றினார். ஏறுவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து குஞ்சு பொரித்தது. மீதி கூமுட்டை.

வியாகுல மாதா திருநாளன்று பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நேர்ச்சை ஏலம். தேங்காய், வாழைத்தார், ஆடு, சேவல் என்று வரிசையாகப் போயின. எங்கள் முறை வந்ததும் அவர் பஞ்சாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கருங்கோழி ஐந்து குஞ்சையும் இறக்கைக்குள் வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துக் கொக்கரித்தது. ஏலம் கூறியது கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார். மைனியே ஏலத்தில் எடுத்தாள். நேர்ச்சை தீர்ந்தது என்று உபதேசியார் சொன்னபோது நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

தோணி முதலாளி அங்கேதான் நின்றிருந்தார். அவரைச் சுற்றித் தோணிக்காரர்கள் அத்தனை பேரும்.

"என்ன வே தண்டையல், கடன் தீந்துது. வெள்ளிக்கிழமை காத்துத் திரும்பிரும். ஏறுதீரா?" என்றார்.

"அவரு இருந்தா நாங்க கண்ண மூடிட்டு ஏறுவோம் அண்ணாச்சி" என்றான் ஒருவன். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். வெயில் ஏறவில்லை, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது என்பது அந்த நிமிசம் எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், அத்தனை புகழ்ச்சிக்கு நடுவில், ஏறுகிறேன் என்றுதான் சொல்லப்போகிறார். சொன்னால் ஏறிவிடுவார். ஏறினால் திரும்பி வரமாட்டார். அவர் உதடு பிரிந்தது.

"அது எப்படி அண்ணாச்சி ஏறுவாரு?" என்றேன். நான் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "நேர்ச்சை இன்னும் தீரலையே."

"இப்பத்தானம்மா குடுத்த?" என்றார் முதலாளி.

"அது ஒண்ணு. உபதேசியாரே, மாதாவுக்கு வியாகுலம் எத்தனை?"

"ஏழு" என்றார் உபதேசியார், ஞானோபதேச வகுப்பில் பதில் சொல்வது போல.

"ஏழு வியாகுலத்துக்கும் ஏழு அடை நேந்திருக்கேன். ஒண்ணு தீந்திருக்கு. மிச்சம் ஆறு தீராம இவரு தோணியில காலெடுத்து வைக்கக் கூடாது."

கோயில் முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. முதலாளி சிரிக்கவில்லை. "ஏழு அடைன்னா எத்தன வருசம் ஆவும்?" என்றார்.

"கோழி மனசு வச்சா மூணு வருசம். செள்ளு விழுந்தா அதுக்கு மேலேயும் ஆவும். நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி, அன்னைக்கு உசிரு போற நேரத்துல நேந்தது."

"உம்ம பொண்டாட்டி உம்மக் கோழிக்கூட்டுல போட்டு அடச்சிட்டா வே" என்றார் முதலாளி அவரிடம். "இப்படி ஒரு ஆளப் பிடிச்சுக் கூட்டுல வைக்காளே, இவளுக்கெல்லாம் என்ன சொல்ல." வேறு தண்டையலைப் பார்க்கவேண்டும் என்று முனகிக்கொண்டே நகர்ந்தார். தோணிக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கமெல்லாம் அவருக்குத்தான். இப்படி ஒரு பெண்ணிடம் மாட்டிக்கொண்டாரே என்று. புருசனைக் கூட்டில் அடைத்தவள் என்கிற பேர் அந்தக் கரையில் எனக்கு அன்றைக்கு ஒட்டியதுதான். பேரன் பேத்தி எடுத்த பிறகும் போகவில்லை, நானும் போக விடவில்லை.

வெறும் பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்று மணல் வழியாக இரண்டு பேரும் நடந்தோம்.

"ஏழா நேந்த?" என்றார்.

"ஆமா."

"எங்கிட்ட ஒண்ணுன்னுதான சொன்ன?"

"அப்ப ஒண்ணுதான் நேந்தேன்."

"மத்தது?"

"இப்பத்தான். நீங்க வாயத் தொறந்தீயள்லா, அப்ப."

அவர் நின்றுவிட்டார். பஞ்சாரத்தைக் கீழே வைத்தார். பிறகு மணலில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தோணி திரும்பி வந்த நாளிலிருந்து அடைத்து வைத்திருந்த அழுகை. நல்ல சத்தமாகவே அழுதார். அவர் தலையைத் தொடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் பின்னால் பேச்சுச் சத்தம். கோயில் கலைந்து சனமெல்லாம் அதே வழியாக வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தது அவருடைய தோணிக்காரர்கள்.

நான் அவருக்கு முன்னால் போய் நின்று, முந்தானையை விரித்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தொண்டை கிழிய ஏச ஆரம்பித்தேன். ஒரு வேலைக்கு ஆவாத மனுசன், கோழிக்கூட்டுக்கு எண்ணெய் பூசின மனுசன், நாலடி நடக்க முடியாம மணல்ல உட்காருத மனுசன், இவரக் கட்டிக்கிட்டு நான் படுத பாடு மாதாவுக்குத்தான் வெளிச்சம் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பாவம் தண்டையல் என்று சிரித்துக்கொண்டே அவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பெண்கள் போனார்கள், பிள்ளைகள் போனார்கள், கடைசியாக மைனி கருங்கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். அவர் அழுது முடிக்கிற வரைக்கும் நான் ஏசுவதை நிறுத்தவில்லை.